கூரைக்குள் மறைந்த குறை

பிழைப்பை நாடிப் பெங்களூர் வந்த நம்மவர்க்குச் சொந்த வீடு என்பது பல ஆண்டுச் சேமிப்பின் பயன். அதைக் கட்டுவதில் காட்டும் ஊக்கத்தைக் காப்பதிலும் காட்டுகிறோமா? விவேக் நகரில் நாம் வாழும் ஓட்டு வீடு நம்மை இக்கேள்வி கேட்டது.

நம் வீட்டின் மேலிருப்பவை மங்களூர் ஓடுகள். பாசல் மிஷனார் 1865ஆம் ஆண்டு மங்களூரில் தொழிற்சாலை நிறுவி, நேத்திராவதி, குருபுரா ஆற்றங்கரைக் களிமண்ணால் ஓடு செய்யத் தொடங்கினர். ஓட்டைத் தாங்குவது ரீப்பர். ரீப்பரைத் தாங்குவது கைமரம். நம் வீட்டில் இவ்விரண்டுக்கும் இடையே, தூசி விழாதிருக்க ஒட்டுப்பலகை அடித்திருந்தனர். பிளைவுட் என்று நாம் வழங்கும் அப்பலகையே குறைக்கு இருப்பிடமாயிற்று.

மூன்றாண்டுகளுக்கு முன், குழந்தைகள் உறங்கும் அறையில் மழைநீர் சொட்டியது. உடைந்த நான்கு ஓடுகளை மாற்றினோம். சொட்டு நின்றது, நம் கவலையும் நின்றது. பலகை உட்கொண்ட ஈரத்தை நாம் எண்ணவில்லை. சென்ற ஆண்டு ஓடு பிரிக்க ஏறிய தச்சரின் கால், பலகையைப் பிளந்துகொண்டு உள்ளே இறங்கிற்று. கைமரத்தைப் பற்றிக்கொண்டதால் அவர் பிழைத்தார். நேர் கீழே தொட்டில் இருந்தது. நற்பேறாகக் குழந்தை அவ்வேளை தாயின் மடியில் இருந்தது. அன்றிரவு நமக்கு உறக்கமில்லை.

அதன்பின் கற்றதை அன்பர்களுக்குக் கூறுகிறோம். கறை படிந்த இடத்தைத் திருப்புளியால் குத்திப் பாருங்கள். முனை எளிதில் இறங்கினாலும், பலகை அடுக்கடுக்காகப் பிரிந்தாலும், அது மாற்ற வேண்டியதே. அழுகிய துண்டை மட்டும் வெட்டி ஒட்டுப்போடுதல் வீண். இரு கைமரங்களின் நடுக்கோடு வரை அறுத்தெடுத்தால்தான் புதுப்பலகையின் விளிம்புக்குத் தாங்கல் கிட்டும். பலகைகளுக்கிடையே 3 மில்லிமீட்டர் இடைவெளி விடவேண்டும்; ஈரத்தில் பலகை விரியும். ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மெரைன் பிளைவுட் விலை கூடியதாயினும் ஏற்றது. அதன் பசை 72 மணி நேரம் கொதிநீரில் சோதிக்கப்படுவது. கைமரமும் உளுத்திருந்தால் முதலில் அதையே சீர்செய்க.

பழைய ஓடுகளை எறிந்துவிட வேண்டா. விரலால் தட்டினால் கணீரென ஒலிப்பது நல்லது. மந்தமாக ஒலிப்பது விரிசலுற்றது.

அமெரிக்காவில் வாழும் நம் உறவினர் வீடுகளில் பிளைவுட்டின் மேல் ஷிங்கிள் என்னும் மெல்லிய தகடுகளை ஆணியால் அடிக்கின்றனர். அங்கே பலகை அழுகினால் ஆணிக்கே பிடிப்பில்லை. முறை வேறாயினும் பாடம் ஒன்றே: மேலே தெரிவதைவிடக் கீழே மறைந்திருப்பதே முதன்மையானது.

பெங்களூரில் ஏப்ரல், மே மாதங்களிலேயே இடிமழை தொடங்கிவிடும். செப்டம்பர், அக்டோபரில் மழை மிகும். ஆகவே சனவரி முதல் மார்ச்சு வரையே இவ்வேலைக்கு உகந்த காலம். கூரையேறும் தொழிலாளிக்கு இடுப்புக் கயிறும், கைமரங்களின் குறுக்கே மிதிபலகையும் கொடுத்தல் நம் கடமை. கூலியில் சிக்கனம் பார்ப்பவர் அவருயிரிலும் சிக்கனம் பார்த்தல் ஆகாது.

நான்கு ஓட்டோடு வேலை முடிந்ததென்று நாம் எண்ணியது பிழை. அப்பிழை வேறெந்த அன்பர் இல்லத்திலும் நேராதிருக்கவே இதனை எழுதினோம். இவ்வாரமே ஒருமுறை அண்ணாந்து பாருங்கள்.