ஊசி போட்ட மறுநாள்

"ஊசி போட்ட மறுநாளே விழுந்துட்டாரே, அப்புறம் எப்படிச் சம்பந்தமில்லைன்னு சொல்றீங்க?" நடிகர் விவேக் பேச்சு வந்தால் டீக்கடையில் இன்றும் யாராவது இதைக் கேட்டுவிடுகிறார்கள். விவரம் கெட்டவர் என்று அவரை ஒதுக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. கேள்வி நியாயமானது. பதில்தான் கொஞ்சம் நீளம். இன்னொரு டீ சொல்லிக்கொள்ளுங்கள்.

2021 ஏப்ரல் 15 அன்று சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில், கேமராக்கள் சூழ, கொரோனா தடுப்பூசியான கோவாக்சினைப் போட்டுக்கொண்டார் விவேக். மறுநாள் காலை மயங்கி விழுந்தார். 17ஆம் தேதி அதிகாலை இறந்துபோனார். இதயத்தின் முக்கிய ரத்தக்குழாயில் முழு அடைப்பு என்றார்கள் மருத்துவர்கள். அந்தக் குழாயில் கொழுப்பு படிவது ஒரு நாள் வேலை அல்ல, வருஷக்கணக்கில் நடப்பது. சரி, அதைக் கிளறிவிட்டது ஊசியாக இருக்கக் கூடாதா?

இங்கேதான் கணக்கு வருகிறது. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஏறக்குறைய 6 லட்சம் பேர் இறக்கிறார்கள். நாளுக்குச் சுமார் 1,600 பேர். மாரடைப்புக்கு அதில் கணிசமான பங்கு உண்டு. அந்த ஏப்ரலில் ஊசி போட்டது 45 வயதைத் தாண்டியவர்களுக்கு. அந்த வயதில் லட்சக்கணக்கானோருக்கு வெறும் தண்ணீரை ஏற்றியிருந்தாலும் மறுநாள் சிலர் மாரடைப்பில் போயிருப்பார்கள். ஆகவே ஒரு சாவை வைத்து ஊசியைக் குற்றவாளியாக்கவும் முடியாது, விடுவிக்கவும் முடியாது. வழக்கமாக எத்தனை பேர், ஊசிக்குப் பின் எத்தனை பேர் என்று பார்க்க வேண்டும்.

இதே கணக்குதான் வேறொரு ஊசியின் குற்றத்தைக் கண்டுபிடித்தும் கொடுத்தது. நம்மூரில் கோவிஷீல்டு என்று போட்டோமே, அந்த அஸ்ட்ராஜெனகா ஊசிக்குப் பின் ஐரோப்பாவில் சிலருக்குத் தட்டணுக்கள் குறைந்து மூளை நாளங்களில் ரத்தம் உறைந்தது. மிக அரிதுதான், ஆனால் வழக்கத்தைவிட அதிகம். ஏப்ரல் 7 அன்று ஐரோப்பிய மருந்து முகமை அதை ஒப்புக்கொண்டது. 14ஆம் தேதி டென்மார்க் அந்த ஊசியையே கைவிட்டது. விவேக் ஊசி போட்டுக்கொண்டதற்கு முந்தைய நாள் அது. ஊசிகளுக்கு அனுமதி கொடுப்பவர்கள் உண்மையை மூடி மறைப்பதற்கென்றே ஏற்பட்ட கூட்டமென்றால் இதையும் மூடியிருக்குமே? சதி பேசுபவரிடம் கேட்டுப் பாருங்கள், "அது அவங்களே ஆடுற நாடகம்" என்பார். எந்தச் சான்று வந்தாலும் அசையாத இடம் அது. சந்தேகம் வேறு, இது வேறு.

சந்தேகப்பட்டவர்களுக்குக் காரணம் இருந்தது. மூன்றாம் கட்டச் சோதனையின் முடிவு வருமுன்பே, ஜனவரி 3 அன்று கோவாக்சினுக்கு அனுமதி கொடுத்தார்கள். விவேக் விழுந்த அன்றே அதிகாரிகள் "ஊசி காரணமல்ல" என்றார்கள். தடுப்பூசிக்குப் பின் வரும் பாதிப்புகளை ஆராயும் தேசியக் குழு விசாரித்து, தற்செயல் என்று முடிவு சொன்ன செய்தி வந்தது அக்டோபரில். அன்றைய பேச்சு கடைசியில் சரியாகவே முடிந்தது. ஆனாலும் விசாரணைக்கு முன்பே தீர்ப்பைப் படித்தது தப்பு. "இதயக் கோளாறு என்று தெரிகிறது, ஊசியையும் விசாரிக்கிறோம், முடிவை வெளியிடுவோம்" என்று ஏப்ரலிலேயே சொல்லியிருக்கலாம்.