பரமக்குடியில் பிறந்தவர் யார்?
கம்ப்யூட்டரிடம் கேட்பதற்கு ஒரு தனிப் பாஷை!

வைகைக் கரையில் உள்ள பரமக்குடி, கைத்தறிச் சேலைகளுக்குப் பேர்போன ஊர். நடிகர் கமல்ஹாசன் 1954-ஆம் ஆண்டு பிறந்தது இங்கேதான். உள்ளூரில் சிறு பிள்ளைக்கும் இது தெரியும். ஆனால், "ராமநாதபுரம் மாவட்டத்தில் பிறந்த பிரபலஸ்தர்கள் எல்லோரையும் சொல்" என்று கேட்டால்? எத்தனையோ புத்தகங்களைப் புரட்ட வேண்டும். அந்த வேலையைக் கம்ப்யூட்டர் சில விநாடிகளில் முடித்துவிடுகிறது. அதனிடம் கேட்பதற்கென்றே ஒரு பாஷை இருக்கிறது. அதன் பெயர் "ஸ்பார்க்கிள்".

கல்யாணப் பத்திரிகை

தாலுகா ஆபீஸ் ரிஜிஸ்தரில் கட்டங்கள் உண்டு. சர்வே நம்பர், விஸ்தீரணம், பட்டாதாரர் பெயர் எல்லாம் அதனதன் கட்டத்தில் இருக்கும். இத்தகைய பட்டியல்களில் தேடுவதற்கு "எஸ்.க்யூ.எல்." என்ற பாஷை 1970-களிலேயே பிறந்துவிட்டது. எட்கர் காட் என்ற விஞ்ஞானி 1970-இல் வெளியிட்ட கட்டுரையே அதற்கு அஸ்திவாரம்.

இன்டர்நெட்டில் குவியும் செய்திகளோ கல்யாணப் பத்திரிகை மாதிரி! மணமகன், மணமகள், முகூர்த்தம் எல்லாப் பத்திரிகையிலும் உண்டு. ஒன்றில் தாத்தா, பாட்டி பெயர் இருக்கும், இன்னொன்றில் இராது. வேறொன்றில் தாய்மாமன்மார் பத்துப் பேர் வரிசையாக நிற்பார்கள். இவை கட்டத்துக்குள் அடங்கா. ஆனால், ஒழுங்கே இல்லை என்றும் சொல்ல முடியாது.

இத்தகைய செய்தியில் ஒவ்வொரு பகுதிக்கும் பெயர்ச் சீட்டு ஒட்டி வைக்கும் முறைதான் 1998-இல் வந்த "எக்ஸ்.எம்.எல்.". அந்தச் சீட்டுகளைப் பார்த்துத் தேட 1999-இல் "எக்ஸ்பாத்", 2007-இல் "எக்ஸ்கொயரி" ஆகியவை அங்கீகாரம் பெற்றன. உறவுகளைத் தொடர்ந்து தேடும் ஸ்பார்க்கிள் 2008-இல் அங்கீகாரம் பெற்றது.

மூன்று துண்டுகள்

ஸ்பார்க்கிள் உபயோகமாகும் இடங்களில் முக்கியமானது, 2012-இல் தொடங்கிய "விக்கிடேட்டா". அங்கே செய்திகள் மும்மூன்று துண்டுகளாக இருக்கின்றன. "கமல்ஹாசன் - பிறந்த இடம் - பரமக்குடி" என்பது ஒன்று. "பரமக்குடி - அடங்கிய இடம் - ராமநாதபுரம் மாவட்டம்" என்பது மற்றொன்று. ஆளுக்கும், ஊருக்கும், உறவுக்கும் தனித்தனி நம்பர் உண்டு. "பிறந்த இடம்" என்ற உறவுக்கு "பி19". ஆகவே, ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் யார் எப்படி எழுத்துக் கூட்டினாலும் ஊர் மாறிப் போகாது.

கேட்கிறவர் தமக்குத் தெரியாத துண்டைக் காலியாக விடுகிறார். "யாரோ - பிறந்த இடம் - ஏதோ ஓர் ஊர், அந்த ஊர் - அடங்கிய இடம் - ராமநாதபுரம் மாவட்டம்." கம்ப்யூட்டர் சங்கிலியைப் பிடித்துக்கொண்டே போகிறது. பரமக்குடி வழியாகக் கமல்ஹாசன் வருகிறார். ராமேசுவரம் வழியாக, 1931-இல் பிறந்த அப்துல் கலாம் வருகிறார்.

கண்ணதாசன் எங்கே?

இங்கேதான் ஜாக்கிரதை வேண்டும். கவிஞர் கண்ணதாசன் 1927-இல் சிறுகூடல்பட்டியில் பிறந்தவர். அன்று அது ராமநாதபுரம் ஜில்லா. 1985-இல் அந்த ஜில்லா மூன்றாகப் பிரிந்தது. இன்று சிறுகூடல்பட்டி இருப்பது சிவகங்கை மாவட்டத்தில். இன்றைய எல்லையை மட்டும் வைத்துக் கேட்டால், பட்டியலில் கண்ணதாசன் வரமாட்டார்!

கம்ப்யூட்டர் மீது குற்றமில்லை. கேட்டதற்குச் சரியாகவே அது பதில் சொல்கிறது. "இந்த ஆண்டு முதல், இந்த ஆண்டு வரை" என்று குறித்து வைக்கவும் விக்கிடேட்டாவில் வசதி உண்டு. அப்படிக் குறித்திருந்து, கேட்கிறவரும் காலத்தைச் சேர்த்துக் கேட்டால், கவிஞர் தம் பழைய ஜில்லாவுக்குத் திரும்பி வந்துவிடுவார்.

இன்னொரு விஷயம். பதிவில் இல்லை என்றால் உலகிலேயே இல்லை என்று அர்த்தமல்ல. யாரும் இன்னும் எழுதவில்லை என்றே அர்த்தம். பரமக்குடியின் நெசவு, கோவில்கள், பள்ளிக்கூடங்கள், கண்மாய்கள் பற்றித் தக்க ஆதாரத்தோடு யார் வேண்டுமானாலும் அங்கே சேர்க்கலாம். தமிழிலேயே பெயர் எழுதவும் இடம் உண்டு. கேட்கும் பாஷை எவ்வளவு சாமர்த்தியமானதாக இருந்தால்தான் என்ன? ஊரார் எழுதி வைக்காத ஊரைப் பற்றி அது ஒரு வார்த்தையும் சொல்லப் போவதில்லை!