குருவியல்லாத குருவியும் குருவியாகிய காக்கையும்: பினாங்குப் பறவைக் குடும்பங்களும் அவற்றின் தமிழ்ப் பெயர்களும்

முன்னுரை

பினாங்கில் தமிழாசிரியர்களுக்காக நாம் நடத்திய பயிலரங்கு ஒன்றில், பள்ளி வளாகத்தில் நாள்தோறும் காணும் பறவைகளுள் பத்தின் பெயரைத் தமிழில் எழுதுமாறு கேட்டோம். காகம், மைனா, புறா, கிளி, குருவி என ஐந்து பெயர்கள் விரைந்து வந்தன. அதற்குமேல் எழுதுகோல்கள் நின்றுவிட்டன. சிலர் மலாய்ப் பெயர்களைத் தமிழ் எழுத்தில் எழுதினர். வேறு சிலர் 'மஞ்சள் குருவி', 'கறுப்புக் குருவி', 'நீளவால் குருவி' என்று நிறத்தையும் வாலையும் கொண்டு ஒப்பேற்றினர். கண்ணால் கண்டதைச் சொல்ல முயன்றனர் என்ற அளவில் அவர்களைப் பாராட்டவே வேண்டும். எனினும், புள்ளினப் பெயர்கள் நூற்றுக்கணக்கில் வழங்கிய ஒரு மொழி, நம் வகுப்பறைகளில் 'குருவி' என்னும் ஒரு சொல்லுக்குள் ஒடுங்கிவிட்டதோ என்னும் ஐயம் அன்று எழுந்தது. பறவைகளின் முதன்மையான குடும்பங்கள் சிலவற்றையும் அவற்றின் சிறப்பியல்புகளையும், பினாங்கில் காணத்தக்க பறவைகளை முன்னிறுத்தி விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும். பெயர்ச் சிக்கல்களும் ஆங்காங்கே சுட்டப்பெறும்.

இருவகைப் பகுப்பு

தமிழ் மரபு பறவைகளை நிலத்தோடு சேர்த்துப் பார்த்தது. அகப்பொருள் இலக்கணத்தார் கருப்பொருள்களுள் ஒன்றாகப் புள்ளை வைத்து, குறிஞ்சிக்கு மயிலும் கிளியும், முல்லைக்குக் காட்டுக்கோழி, மருதத்திற்கு நாரையும் கம்புளும், நெய்தலுக்குக் கடற்காக்கை என வகுத்தனர். இது வாழிடவழிப் பகுப்பு. தொல்காப்பிய மரபியலோ வழக்கின்வழிப் பகுக்கின்றது. பறப்பவற்றின் இளமைப் பெயர்களாகப் பார்ப்பு, பிள்ளை ஆகியவற்றைத் தருகின்றது. சேவல் என்னும் ஆண்பாற் பெயரைச் சிறகுடையனவற்றிற்கு உரித்தாக்கி, மயிலை மட்டும் விலக்குகின்றது. இக்கால விலங்கியல் மயிலையும் கோழியையும் ஒரே குடும்பத்துள் வைக்கின்றது. இலக்கண நூலார் நோக்கியது சொல் வழக்கை. விலங்கியலார் நோக்குவது பிறப்புறவை. ஒன்றைக் கொண்டு மற்றொன்றைப் பிழையென்பது பொருந்தாது.

இன்றைய அறிவியல் பறவைகளை ஒரு வகுப்பாகக் கொண்டு, அதனை வரிசை, குடும்பம், பேரினம், இனம் எனப் படிப்படியாகப் பிரிக்கின்றது. உலகில் ஏறத்தாழ 11,000 பறவையினங்கள் உள்ளன. அவை நாற்பதுக்கு மேற்பட்ட வரிசைகளிலும் ஏறத்தாழ 250 குடும்பங்களிலும் அடங்கும். எண்ணிக்கை நூலுக்கு நூல் சிறிது வேறுபடும். இன்று வாழும் உயிர்களுள் இறகு பறவைக்கு மட்டுமே உரியது. பல்லற்ற அலகு, உள்ளீடற்ற எலும்புகள், ஓடுடைய முட்டை ஆகியன ஏனைப் பொதுவியல்புகள். குடும்பத்தைப் பிரித்தறிய அலகின் அமைப்பு, கால்விரல்களின் அடுக்கு, குரலுறுப்பு, கூடு கட்டும் முறை முதலியவற்றை முன்னையோர் கருவியாகக் கொண்டனர். அண்மைக் காலத்தில் மரபணு ஆய்வு அவற்றோடு சேர்ந்து, பழைய உறவுமுறைகள் சிலவற்றைக் கலைத்துவிட்டது.

குருவி வரிசை

பறவையினங்களுள் ஏறத்தாழ அறுபது விழுக்காடு ஒரே வரிசையைச் சார்ந்தவை. சிட்டுக்குருவியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லாகிய 'பாசர்' என்பதனடியாக அவ்வரிசைக்குப் 'பாசரிபார்மிசு' என்று பெயரிட்டனர். எனவே, தமிழில் அதனைக் 'குருவி வரிசை' எனலாம். மூன்று விரல்கள் முன்னோக்கியும் ஒன்று பின்னோக்கியும் அமைந்திருத்தல், கிளையில் அமர்ந்ததும் காலின் நாண்கள் இறுகி விரல்கள் தாமே பற்றிக்கொள்ளுதல், குஞ்சுகள் கண் திறவாமலும் இறகின்றியும் பிறத்தல் ஆகியன இவ்வரிசையின் அடையாளங்கள். உறங்கும் பறவை கிளையிலிருந்து விழாமைக்கு இந்நாண் அமைப்பே காரணம் என்று பொதுவாகக் கூறுவர்.

இங்கு வியப்பிற்குரிய செய்தி ஒன்றுண்டு. காக்கை இவ்வரிசையைச் சார்ந்தது. 'கா கா' என்று கரையும் பறவை பாடும் பறவைகளின் கிளையில் இருப்பது ஏற்கத்தக்கதாகத் தோன்றாது. ஆயினும் அதன் குரலுறுப்பின் தசையமைப்பும் மரபணுவும் அதனையே காட்டுகின்றன. மலேசியாவில் கழுத்துச் சாம்பல்நிறமாகிய வீட்டுக்காக்கை தொன்றுதொட்டு வாழ்ந்ததன்று. 1890-களில் கிள்ளான் வட்டாரக் காப்பித் தோட்டங்களில் புழுக்களை ஒழிப்பதற்காக அஃது இலங்கையிலிருந்து கொண்டுவரப்பட்டது. காப்பி அழிந்தது, காக்கை நிலைத்தது. தோட்டத் தொழிலுக்கெனக் கடல் கடந்து வந்து இம்மண்ணில் வேரூன்றியோர் வரலாற்றைப் பயிற்றும் ஆசிரியர்க்கு இக்காக்கையின் வரலாறும் பயன்படும். உடல் முழுதும் கருமையும் தடித்த அலகும் உடைய அண்டங்காக்கையே இந்நாட்டின் பழைய குடி.

நாம் சிட்டுக்குருவி என்று சுட்டும் பறவையும் தமிழகத்துச் சிட்டுக்குருவியன்று. மலேசிய நகரங்களில் மிகுதியாகக் காணப்படுவது கன்னத்தில் கரும்புள்ளியுடைய மரச்சிட்டு. தமிழகத்துச் சிட்டில் ஆணும் பெண்ணும் நிறத்தால் வேறுபடும். மரச்சிட்டில் இரண்டும் ஒத்திருக்கும். குடும்பம் ஒன்றே, இனம் வேறு. அவ்வாறே, தமிழகத்துக் கொண்டைக்குருவிக்கு வாலடி சிவப்பு. பினாங்கு வீட்டுத் தோட்டங்களில் நாம் காண்பதற்கு வாலடி மஞ்சள். இக்குடும்பத்திற்குச் 'சின்னான்' என்னும் அழகிய பெயர் தமிழில் உண்டு. பயிலரங்கில் 'மஞ்சள் குருவி' எனப்பட்டது பெரும்பாலும் மாங்குயிலாக இருக்கலாம். பெயரில் குயில் இருப்பினும் மாங்குயில் குயிற்குடும்பத்தைச் சார்ந்ததன்று. அதுவும் குருவி வரிசையே.

உழவாரனும் தகைவிலானும்

பெயர்க்குழப்பம் பொருட்குழப்பமாக மாறும் இடம் ஒன்றுண்டு. அதனைச் சற்று விரிவாகக் கூற வேண்டும். மாணவர் ஒருவர் தம் கட்டுரையில், சிட்டுக்குருவியின் கூட்டைச் சீனர்கள் சூப்பாக்கி உண்பர் என்று எழுதியிருந்தார். ஆசிரியர் அதனைத் திருத்தவில்லை. அவ்வாசிரியரைக் குறைகூற நமக்குத் தகுதியில்லை. பல்லாண்டுகளுக்கு முன் நாமும் ஒரு சொற்பொழிவில் அதனைத் 'தூக்கணாங்குருவிக் கூடு' என்று சொல்லியிருக்கின்றோம். வைக்கோலாலும் புல்லாலும் பின்னப்பட்ட கூட்டை யார் உண்பார் என்று அவையில் ஒருவரும் கேட்கவில்லை.

உண்ணத்தகும் கூட்டைக் கட்டுவது உழவாரன் குடும்பத்துச் சிறுபறவை. இக்குடும்பத்தின் கால்கள் மிகச் சிறியன. கிளையில் அமர இயலாது. செங்குத்தான குகைச்சுவரிலும் வீட்டுச்சுவரிலும் நகத்தால் பற்றித் தொங்கும். வாழ்நாளின் பெரும்பகுதியை வானிலேயே கழித்து, பறக்கும் பூச்சிகளை வாயால் அள்ளி உண்ணும். உண்கூட்டு உழவாரன் தன் உமிழ்நீரையே இழையிழையாகச் சுவரில் ஒட்டி உலரவிட்டுக் கூடாக்குகின்றது. இருண்ட குகைக்குள் 'டிக் டிக்' என ஒலியெழுப்பி, அதன் எதிரொலியால் வழியறியும் ஆற்றலும் அதற்குண்டு. பிறைபோல் வளைந்த நீண்ட சிறகுகளைக் காணும்போது, திருநாவுக்கரசர் கையிலேந்திய உழவாரப்படை நம் நினைவிற்கு வருகின்றது.

தகைவிலான் குருவி தோற்றத்தில் இதனை ஒத்தது. அதுவும் பறந்தவாறே பூச்சி பிடிப்பது. ஆனால் தகைவிலான் குருவி வரிசையைச் சார்ந்தது, கம்பியில் அமரும், சேற்றால் கிண்ணம்போற் கூடு கட்டும். ஆண்டிறுதியில் வட ஆசியாவிலிருந்து வலசை வந்து மின்கம்பிகளில் வரிசையாக அமர்ந்திருப்பவை தகைவிலான்களே. உழவாரனுக்கு நெருங்கிய உறவோ அமெரிக்கக் கண்டங்களில் மட்டும் வாழும் ரீங்காரச்சிட்டு. வானில் பூச்சி பிடிக்கும் ஒரே தொழில், வேறுவேறு வழிவந்த இரு குடும்பங்களை ஒரே வடிவிற்குக் கொண்டுவந்துள்ளது. தேன்சிட்டின் செய்தியும் இத்தகையது. செம்பருத்திப் பூவில் தேனுண்ணும் தேன்சிட்டையும் ரீங்காரச்சிட்டையும் மொழிபெயர்ப்புக் கதைகள் ஒன்றாக்கிவிடுகின்றன. ரீங்காரச்சிட்டு பூவின்முன் அந்தரத்தில் நின்று தேனுண்ணும், பின்னோக்கியும் பறக்கும். தேன்சிட்டு பெரும்பாலும் காம்பில் அமர்ந்தே உண்ணும்.

உழவாரனுக்கும் ஜார்ஜ் டவுனுக்கும் உள்ள தொடர்பு தனி வரலாறு. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீங்கி, 2000-ஆம் ஆண்டு முதல் பழைய கடைவீடுகளிலிருந்து குடியிருந்தோர் வெளியேறினர். வெற்றுவீடுகள் பல, சன்னல்கள் அடைக்கப்பட்டு, ஒலிபெருக்கியில் பறவைக்குரல் ஒலிக்க, உழவாரன் வளர்க்கும் கூடங்களாயின. உள்ளே தேக்கிய ஈரமும் பறவை எச்சமும் சுவரையும் மரத்தையும் அரித்தன. 2008-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 7-ஆம் நாள் மலாக்காவுடன் ஜார்ஜ் டவுனும் யுனெஸ்கோ உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றபின் இது பெருஞ்சிக்கலாயிற்று. மரபுடைமை வட்டாரத்திலிருந்து அக்கூடங்களை 2013 இறுதிக்குள் அகற்ற மாநில அரசு காலவரை விதித்தது. ஒரு நகரின் வாழ்வையே தொட்ட இப்பறவையைத் தமிழில் எழுதுவோர் 'சிட்டுக்குருவி' என்பாராயின், படிப்போர் மனத்தில் எழுவது வேறொரு பறவையின் உருவமாகும்.

குயில், மரங்கொத்தி, இருவாய்ச்சி

குயிற்குடும்பத்தின் கால்விரல்கள் இரண்டு முன்னும் இரண்டு பின்னுமாக அமைந்தவை. குயில் தன் முட்டையைக் காக்கைக் கூட்டில் இடுவது யாவரும் அறிந்ததே. வீட்டுக்காக்கை பெருகிய மலேசிய நகரங்களில் குயிலோசையும் பெருகியது. ஆனால், இக்குடும்பத்தார் அனைவரும் பிறர்கூட்டில் முட்டையிடுவதில்லை. செம்போத்து இதே குடும்பம். தானே கூடு கட்டிக் குஞ்சு வளர்க்கும்.

மரங்கொத்திக்கும் இரண்டுக்கிரண்டு விரலமைப்பே. விறைத்த வாலை மரத்தில் ஊன்றி மூன்றாவது கால்போல் பயன்படுத்தும். நீண்ட நாக்கின் அடித்தண்டு மண்டையோட்டைச் சுற்றிச் செல்லும். இதன் நெருங்கிய உறவு குக்குறுவான். நண்பகலில் தாவரவியல் பூங்காவிலோ தண்ணீர்மலைக் கோயிலருகிலோ செம்பைத் தட்டுவதுபோல் 'குக் குக்' என விடாது ஒலிப்பது செம்மார்புக் குக்குறுவானே. ஆசியக் குக்குறுவான்களை முன்பு அமெரிக்க, ஆப்பிரிக்கக் குக்குறுவான்களோடு ஒரே குடும்பமாகக் கருதினர். இன்று அவை தனிக்குடும்பமாகப் பிரிக்கப்பட்டுள்ளன. பாடப்படங்களில் மரங்கொத்தி என்று கொண்டலாத்தியின் படம் அச்சிடப்படுவதையும் நாம் கண்டதுண்டு. விசிறிக்கொண்டையுடைய கொண்டலாத்தி மரம் கொத்துவதில்லை; மண்ணைக் கிளறிப் புழு தேடும்.

கொண்டலாத்தியின் உறவு இருவாய்ச்சி என்றால் நம்புதல் அரிது. எனினும் இரண்டும் ஒரே வரிசை. இருவாய்ச்சிக்கு அலகின்மேல் மற்றோர் அலகுபோன்ற புடைப்பு இருப்பதால் அப்பெயர் பெற்றது. பேரலகின் பாரத்தைத் தாங்க, கழுத்தின் முதலிரு முள்ளெலும்புகள் ஒன்றாக இணைந்திருப்பது பறவைகளுள் இக்குடும்பத்திற்கே உரியது. பெண்பறவை மரப்பொந்துக்குள் புகுந்து, சிறு பிளவு மட்டும் விட்டு வாயிலை அடைத்துக்கொள்ளும். ஆண் அப்பிளவின்வழி இரையூட்டும். ஆண்பறவை வேட்டையாடப்படின் உள்ளிருப்பவையும் பட்டினிகிடக்க நேரும். 2021-இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்கப்பட்ட கொடிமலையில் கறுப்பும் வெள்ளையுமான இருவாய்ச்சியை இன்றும் காணலாம்.

கொன்றுண்ணிப் பறவைகளைப் பற்றி ஒன்று மட்டும் கூறுதல் போதும். பருந்து, கழுகு, வல்லூறு ஆகிய மூன்றும் ஒரே கூட்டம் என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. வல்லூற்றுக் குடும்பம் கழுகைவிடக் கிளிக்கும் குருவி வரிசைக்கும் நெருக்கமானது என்பதை 2008-இல் வெளியான விரிவான மரபணு ஆய்வு காட்டியது. வளைந்த அலகும் கூருகிரும் உறவுக்குச் சான்றல்ல என்பது இதனால் தெளிவாயிற்று.

கரையும் பெயரும்

செபராங் பிறையின் தெலுக் ஆயர் தாவார் சேற்றுக்கரை, வலசைப் பறவைகள் தங்கும் முதன்மையான இடங்களுள் ஒன்று. வற்றுநீர்க் காலத்தில் அங்கு ஓடித்திரிபவற்றை 'நாரை' என்றெழுதுவது பொருந்தாது. நீண்ட அலகைச் சேற்றில் நுழைத்துத் தொட்டறிந்து இரைதேடுவது உள்ளான் குடும்பம்; குட்டையான அலகும் பெரிய கண்ணும் உடையதாய், ஓடி நின்று, கண்ணால் கண்டு கொத்துவது உப்புக்கொத்திக் குடும்பம். கோடியக்கரையிலும் இவ்விரு பெயர்களே வழங்குகின்றன. பி. எல். சாமியின் 'சங்க இலக்கியத்தில் புள்ளின விளக்கம்', மா. கிருஷ்ணனின் கட்டுரைத் தொகுப்பாகிய 'மழைக்காலமும் குயிலோசையும்' ஆகியவற்றைக் கையருகே வைத்துக்கொள்ளும் ஆசிரியர்க்கு இத்தகைய பெயர்கள் பல கிட்டும்.

அந்நூல்களும் உதவாத இடம் உண்டு. அலகு அகன்று, கருமையும் செம்மையும் கலந்து, சதுப்பு மரங்களிடையே வாழும் ஒரு குடும்பம் செபராங் பிறையில் உள்ளது. அக்குடும்பம் தமிழகத்தில் இல்லை. ஆகவே பழைய பெயரும் இல்லை. பயிலரங்கின் பிற்பகலில் அதன் படத்தைக் காட்டினோம். ஓர் ஆசிரியை 'அகலலகன்' என்றார். பின்வரிசையிலிருந்த முதியவர் ஒருவர் 'கரண்டிமூக்கன்' என்றார். அவையில் சிரிப்பெழுந்தது. கரண்டிவாயன் என்று வேறொரு நீர்ப்பறவைக்குப் பெயர் இருத்தலின் இரண்டாவது குழப்பந்தரும் என்றோம். முதியவரோ, "ஐயா, பிள்ளைகள் எதைச் சொல்கிறார்களோ அதுதான் நிற்கும்" என்றார். இரு பெயர்களையும் குறித்துக்கொண்டோம்.