தகவல் தொழில்நுட்பச் சட்டம், பிரிவு 66ஏ

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு என்பது, கணினி, கைப்பேசி போன்ற கருவிகள் வழியாகப் பிறரைப் புண்படுத்தும் செய்திகளை அனுப்புவதைக் குற்றமாக்கிய இந்தியச் சட்டப் பிரிவாகும். 2009 அக்டோபர் 27 அன்று நடைமுறைக்கு வந்த இப்பிரிவு, அரசமைப்புச் சட்டத்துக்கு முரணானது என்று 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றத்தால் நீக்கப்பட்டது. இந்த ஐந்தரை ஆண்டுகளில் அரசியல் தலைவர்களைப் பற்றியும் சமூக நிகழ்வுகளைப் பற்றியும் இணையத்தில் கருத்துச் சொன்ன பலர் இதன்கீழ்க் கைது செய்யப்பட்டனர். இதனை நீக்கிய 'சிரேயா சிங்கால் எதிர் இந்திய ஒன்றியம்' தீர்ப்பு, அரசியல் விவாதம் எந்த இடத்தில் குற்றமாக மாறுகிறது என்ற கேள்விக்கு விடை தந்த முக்கியத் தீர்ப்பாகக் கருதப்படுகிறது.

பிரிவு கூறியது

66ஏ பிரிவு மூன்று வகைச் செய்திகளைக் குற்றமாகக் கருதியது.

1. மிகவும் புண்படுத்தும் அல்லது அச்சுறுத்தும் தன்மையுள்ள செய்தி.
2. பொய் என்று தெரிந்தே, எரிச்சல், இடையூறு, ஆபத்து, அவமதிப்பு, பகை, வெறுப்பு போன்றவற்றை உண்டாக்கும் நோக்கில் தொடர்ந்து அனுப்பப்படும் செய்தி.
3. எரிச்சலோ இடையூறோ உண்டாக்க, அல்லது அனுப்பியவர் யார் என்பதில் ஏமாற்ற அனுப்பப்படும் மின்னஞ்சல் அல்லது குறுஞ்செய்தி.

தண்டனை மூன்றாண்டு வரையிலான சிறையும் அபராதமும் ஆகும். இது பிணையில் விடத்தக்க குற்றம்தான். ஆயினும் நீதிமன்றத்தின் பிடியாணை இல்லாமலே காவல்துறை கைது செய்யலாம். புகார் வந்த அன்றே ஒருவரை வீட்டிலிருந்து அழைத்துச் செல்ல இது வழிவகுத்தது.

'புண்படுத்தும்', 'எரிச்சல்', 'இடையூறு' ஆகிய சொற்களுக்குச் சட்டத்தில் எந்த விளக்கமும் தரப்படவில்லை. ஒரு செய்தி புண்படுத்துகிறதா என்பதை முதலில் புகார் கொடுப்பவரும், பிறகு காவல் நிலைய அதிகாரியும் தீர்மானிக்கும் நிலை உருவானது.

தோற்றம்

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000ஆம் ஆண்டில் இயற்றப்பட்டபோது இப்பிரிவு அதில் இல்லை. மும்பைத் தாக்குதலுக்குச் சில வாரங்கள் கழித்து, 2008 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தச் சட்டத்தின் வழியே இது சேர்க்கப்பட்டது.

இதன் சொற்கள் பழையவை. 1935ஆம் ஆண்டின் பிரித்தானிய அஞ்சலகத் திருத்தச் சட்டம், தொலைபேசியில் மிகவும் புண்படுத்தும், ஆபாசமான அல்லது அச்சுறுத்தும் செய்தி அனுப்புவதைக் குற்றமாக்கியது. 66ஏ பிரிவின் வேர் அச்சட்டத்தில் இருப்பதை உச்ச நீதிமன்றமே தன் தீர்ப்பில் எடுத்துக்காட்டியது. தொலைபேசி என்பது பெரும்பாலும் ஒருவர் மற்றொருவரின் வீட்டுக்குள் நேராகப் பேசும் கருவி. இணையத்தில் இடும் பதிவோ பொதுமேடைப் பேச்சைப் போன்றது. விரும்பியவர் படிக்கலாம், விரும்பாதவர் விலகலாம், மறுப்பவர் பதில் எழுதலாம். தனி உரையாடலுக்கு வகுத்த அளவுகோல் பொது விவாதத்தின் மேல் வைக்கப்பட்டதே பின்னர் எழுந்த சிக்கல்களுக்கு ஒரு காரணமாயிற்று.

கைதுகள்

2012ஆம் ஆண்டில் நிகழ்ந்த மூன்று கைதுகள் நாடு முழுவதும் பேசப்பட்டன.

ஏப்ரல் மாதம், கொல்கத்தாவின் யாதவ்பூர் பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் ஒருவர், மேற்கு வங்க முதலமைச்சர் மம்தா பானர்ஜியைக் கேலி செய்யும் படத்தை மின்னஞ்சலில் பகிர்ந்ததற்காகக் கைது செய்யப்பட்டார். அந்த வழக்கிலிருந்து அவர் முழுமையாக விடுவிக்கப்பட்டது 2023 ஜனவரியில்தான்.

அக்டோபர் மாதம், புதுச்சேரியைச் சேர்ந்த சிறுதொழில் முனைவோர் ஒருவர், அப்போதைய மத்திய நிதியமைச்சரின் மகனுடைய சொத்துக் குறித்து டுவிட்டரில் எழுதியதற்காகக் கைதானார். அப்போது அவரைப் பின்தொடர்ந்தவர்கள் இருபது பேர்கூட இல்லை.

நவம்பர் மாதம் சிவசேனைத் தலைவர் பால் தாக்கரே மறைந்தபோது மும்பை நகரம் முடங்கியது. மக்கள் மரியாதையால் கடையடைக்கவில்லை, அச்சத்தால் அடைக்கிறார்கள் என்ற பொருள்பட, அருகிலுள்ள பால்கர் என்ற ஊரைச் சேர்ந்த இளம்பெண் ஒருவர் முகநூலில் எழுதினார். அவருடைய தோழி அதற்கு விருப்பக்குறி இட்டார். இருவரும் கைது செய்யப்பட்டனர். எழுதிய பெண்ணின் உறவினருடைய மருத்துவமனை ஒரு கும்பலால் தாக்கப்பட்டது. அப்பெண்கள்மீதான வழக்கு பின்னர் கைவிடப்பட்டது.

இதையடுத்து, இப்பிரிவின்கீழ்க் கைது செய்யும் முன் மூத்த காவல் அதிகாரிகளின் ஒப்புதல் பெற வேண்டும் என்று 2013 ஜனவரியில் மத்திய அரசு மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. அதன் பின்னும் கைதுகள் நிற்கவில்லை. தீர்ப்பு வெளிவருவதற்குச் சில நாட்கள் முன்புகூட, உத்தரப் பிரதேசத்தில் ஓர் அமைச்சரைப் பற்றிய பதிவுக்காகப் பள்ளி மாணவர் ஒருவர் கைது செய்யப்பட்டார்.

அரசமைப்புச் சட்டத்தின் நிலை

இந்திய அரசமைப்புச் சட்டத்தின் 19(1)(அ) உறுப்பு எல்லாக் குடிமக்களுக்கும் பேச்சுரிமையையும் கருத்து வெளியீட்டு உரிமையையும் அளிக்கிறது. 19(2) உறுப்பு, எட்டுக் காரணங்களுக்காக மட்டும் அவ்வுரிமையின் மீது நியாயமான கட்டுப்பாடுகள் விதிக்க அரசை அனுமதிக்கிறது. அவை: நாட்டின் இறையாண்மையும் ஒருமைப்பாடும், அரசின் பாதுகாப்பு, வெளிநாடுகளுடனான நட்புறவு, பொது ஒழுங்கு, நாகரிகம் அல்லது ஒழுக்கநெறி, நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றம் புரியத் தூண்டுதல். இப்பட்டியலில் எரிச்சலூட்டுதல் இல்லை; இடையூறு செய்தலும் இல்லை.

இந்த உரிமையின் வரலாற்றில் தமிழ்நாட்டோடு தொடர்புடைய இரண்டு வழக்குகளுக்கு இடமுண்டு.

முதலாவது, 1950ஆம் ஆண்டின் ரொமேஷ் தாப்பர் வழக்கு. பம்பாயிலிருந்து வெளிவந்த 'கிராஸ் ரோட்ஸ்' என்ற வார இதழ் தன் எல்லைக்குள் வரக்கூடாது என்று சென்னை மாகாண அரசு தடை விதித்தது. உச்ச நீதிமன்றம் அத்தடையை நீக்கியது.

இரண்டாவது, 1989ஆம் ஆண்டின் ரங்கராஜன் வழக்கு. சாதி அடிப்படையிலான இடஒதுக்கீட்டை விமரிசித்த 'ஒரே ஒரு கிராமத்திலே' என்ற தமிழ்த் திரைப்படத்தின் தணிக்கைச் சான்றிதழைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. படம் வெளியானால் வன்முறை வெடிக்கும் என்று வாதிடப்பட்டது. உச்ச நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. கருத்துக்கும் ஆபத்துக்கும் இடையிலான தொடர்பு, வெடிமருந்துப் பீப்பாயில் விழும் தீப்பொறியைப் போல நேரடியாகவும் உடனடியாகவும் இருக்க வேண்டும் என்றது. வன்முறை மிரட்டலுக்குப் பணிந்து கருத்தைத் தடுப்பது அரசின் வேலையன்று, கருத்துச் சொல்பவரைக் காப்பதே அதன் கடமை என்றும் விளக்கியது. படத்தின் கருத்தோடு உடன்படாதவருக்கும் இத்தீர்ப்பு பொருந்தும் என்பதே அதன் சிறப்பு. இவ்விரு வழக்குகளும் 2015 தீர்ப்பில் எடுத்தாளப்பட்டன.

தீர்ப்பு

பால்கர் கைதுகளுக்குப் பின், 2012 நவம்பர் இறுதியில், டெல்லியைச் சேர்ந்த சிரேயா சிங்கால் என்ற இளம்பெண் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல மனு தாக்கல் செய்தார். மக்கள் குடியுரிமைக் கழகம் உள்ளிட்ட அமைப்புகளின் மனுக்களும் அதனுடன் சேர்த்து விசாரிக்கப்பட்டன. நீதிபதிகள் ஜே. செலமேஸ்வர், ரோகிண்டன் பாலி நாரிமன் ஆகியோர் கொண்ட அமர்வு இவற்றைக் கேட்டது. தீர்ப்பை எழுதியவர் நாரிமன்.

மூன்று படிகள்

தீர்ப்பின் மையம், கருத்து வெளியீட்டில் மூன்று படிகளை அது பிரித்துக் காட்டியதாகும். அவை விவாதித்தல், பரிந்து பேசுதல், தூண்டுதல். முதல் இரண்டும், கேட்பவருக்கு எவ்வளவு வெறுப்பை உண்டாக்கினாலும், பேச்சுரிமையின் உள்ளடக்கமே. மூன்றாம் படியை எட்டும்போதுதான் சட்டம் குறுக்கிடலாம்.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஓர் ஊரில் மதுக்கடை பற்றிச் சர்ச்சை நடக்கிறது எனக் கொள்வோம்.

- "கடையை மூடினால் கள்ளச்சாராயம் பெருகாதா?" என்று கேட்பது விவாதம்.
- "கடையை மூடியே ஆக வேண்டும், மூடாத இந்த ஆட்சி வெட்கங்கெட்ட ஆட்சி, எல்லோரும் மறியலுக்கு ஆதரவு தாருங்கள்" என்பது பரிந்து பேசுதல். ஆளுங்கட்சியினருக்கு இது புண்படுத்தும் பேச்சே. ஆனாலும் உரிமைக்கு உட்பட்டது.
- "இன்றிரவு கடையைக் கொளுத்துங்கள், விற்பனையாளரை வெளியே விடாதீர்கள்" என்பது தூண்டுதல்.

66ஏ பிரிவு இம்மூன்றையும் வேறுபடுத்தவில்லை என்பதே நீதிமன்றம் கண்ட முதற்குறை. பொது ஒழுங்கு குலைவதற்கும் ஒருவர் எரிச்சலடைவதற்கும் உள்ள தூரத்தை அது கணக்கில் கொள்ளவில்லை.

தெளிவின்மை

இரண்டாம் குறை சொற்களின் தெளிவின்மை. எது குற்றம் என்று குடிமகனுக்கும் தெரியாது, காவலருக்கும் தெரியாது என்னும்படி ஒரு குற்றவியல் சட்டம் இருக்கக்கூடாது. இதனைக் காட்ட நீதிமன்றம் இரண்டு இங்கிலாந்து வழக்குகளை எடுத்துக்கொண்டது. ஒன்றில், நாடாளுமன்ற உறுப்பினர் அலுவலகத்துக்கு இனவெறிச் சொற்களோடு தொலைபேசிச் செய்தி விட்டவரைக் கீழ்நீதிமன்றங்கள் விடுவித்தன. பிரபுக்கள் அவை குற்றவாளி என்றது. மற்றொன்றில், பனியால் மூடப்பட்ட விமான நிலையத்தைத் தகர்த்துவிடுவதாக டுவிட்டரில் வேடிக்கையாக எழுதியவரைக் கீழ்நீதிமன்றங்கள் தண்டித்தன; உயர் நீதிமன்றம் விடுவித்தது. சட்டம் பயின்ற நீதிபதிகளே ஒரே சொற்களைப் படித்து நேரெதிர் முடிவுக்கு வரும்போது, சாதாரணக் குடிமகன் என்ன செய்வான் என்பதே இதன் கருத்து.

இத்தகைய சட்டத்தால் ஏற்படும் பெரிய தீங்கு கைது மட்டுமன்று. சொல்ல வேண்டியதையும் சொல்லாமல் மக்கள் அஞ்சி ஒதுங்கிவிடுகிறார்கள். இப்பிரிவைத் தவறாகப் பயன்படுத்த மாட்டோம் என்று அரசுத் தரப்பு உறுதி கூறியது. அரசுகள் வரும், போகும், சட்டம் நிலைத்திருக்கும் என்று சொல்லி நீதிமன்றம் அவ்வுறுதியை ஏற்கவில்லை. 66ஏ பிரிவு முழுவதுமாக நீக்கப்பட்டது. அதனை ஒத்த கேரளக் காவல் சட்டத்தின் 118(டி) பிரிவும் உடன் நீக்கப்பட்டது.

நிலைத்த பிரிவுகள்

இணையப் பக்கங்களை முடக்க மத்திய அரசுக்கு அதிகாரம் தரும் 69ஏ பிரிவை நீதிமன்றம் ஏற்றது. காரணங்களை எழுத்தில் பதிய வேண்டும் என்பது போன்ற பாதுகாப்புகள் அதில் இருப்பதை அது சுட்டியது. ஆனால் முடக்க ஆணைகள் இரகசியமாக வைக்கப்படுவதால், பாதிக்கப்பட்டவருக்குக் காரணமே தெரியாமல் போகிறது என்ற குறைகூறல் தொடர்கிறது. 79ஆம் பிரிவைப் பொறுத்தவரை, யாரோ ஒருவர் புகார் சொன்னதற்காக இணைய நிறுவனங்கள் ஒரு பதிவை நீக்க வேண்டியதில்லை, நீதிமன்ற ஆணையோ அரசின் முறையான அறிவிப்போ வந்தால் நீக்கினால் போதும் என்று பொருள் கொள்ளப்பட்டது.

தீர்ப்புக்குப் பின்னும் தொடர்ந்த வழக்குகள்

நீக்கப்பட்ட பிறகும் பல மாநிலங்களில் 66ஏ பிரிவின்கீழ்ப் புதிய வழக்குகள் பதிவாயின. அச்சிட்ட சட்டப் புத்தகங்களில் பிரிவு முழுமையாக இருந்தது. அது நீக்கப்பட்ட செய்தி அடிக்குறிப்பில் மட்டும் சிறிய எழுத்தில் இருந்தது. முதல் தகவல் அறிக்கை எழுதும் காவலர் அடிக்குறிப்பைப் பார்க்கவில்லை.

தீர்ப்பின் படிகளை எல்லா உயர் நீதிமன்றங்களுக்கும் மாநிலத் தலைமைச் செயலாளர்களுக்கும் அனுப்புமாறு 2019 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2021 ஜூலையில் மீண்டும் இச்செய்தி வந்தபோது நீதிபதிகள் அதிர்ச்சி தெரிவித்தனர். அதே மாதம் மத்திய உள்துறை அமைச்சகம் மாநிலங்களுக்குக் கடிதம் அனுப்பியது. இறுதியாக 2022 அக்டோபர் 12 அன்று, இப்பிரிவின்கீழ் எவர்மீதும் வழக்குத் தொடரக்கூடாது, நிலுவையிலுள்ள வழக்குகளில் இக்குற்றச்சாட்டை நீக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. சட்ட நூல்களில் இப்பிரிவை அச்சிடுவோர், அது செல்லாதது என்பதை வாசகருக்குப் போதிய அளவில் தெரிவிக்க வேண்டும் என்றும் கூறியது.

இன்றைய நிலை

66ஏ நீங்கியதால் இணையத்தில் எதையும் எழுதலாம் என்று பொருளில்லை. இப்பிரிவு போனால், இணையத்தில் தொல்லைக்கு ஆளாகும் பெண்களுக்குப் பாதுகாப்பு இராது என்ற கவலை அப்போதே எழுந்தது. ஆனால் அத்தகைய செயல்களுக்குத் தனித்தனிச் சட்டப் பிரிவுகள் உள்ளன.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின்படி, பெண்களை இணையத்தில் பின்தொடர்ந்து தொல்லை தருதல் (பிரிவு 78), சமூகங்களிடையே பகை மூட்டுதல் (196), குற்றநோக்குடன் மிரட்டுதல் (351), பொதுக்கேடு விளைக்கும் கூற்றுகளைப் பரப்புதல் (353), அவதூறு (356) ஆகியவை குற்றங்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் பிறரது அடையாளத்தைத் திருடுதல் (66சி), ஆள்மாறாட்ட மோசடி (66டி), அந்தரங்கப் படங்களை வெளியிடுதல் (66இ), ஆபாசப் பதிவு (67) ஆகியவை தொடர்ந்து குற்றங்களாக உள்ளன.

ஒரு பதிவைப் பற்றிக் காவல் நிலையத்திலிருந்து அழைப்பு வந்தால், எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு என்று கேட்டறிவது முதல் வேலையாகும். அது 66ஏ எனில், அப்பிரிவு இன்று சட்டத்தில் இல்லை.