பேரேடும் கணினியும்: பினாங்குக் கடைகளுக்கு எத்தகைய கணக்கு வேண்டும்?

ஜார்ஜ் டவுனில், பினாங்கு வீதியை ஒட்டிய கிட்டங்கிகளிலே, கடல் கடந்து கொண்டுவிக்க வந்த நாட்டுக்கோட்டை நகரத்தார் தரையில் பாய் விரித்து, முன்னே கைப்பெட்டியும் பக்கத்திலே பேரேடுமாக அமர்ந்து லேவாதேவி நடத்திய காலத்தில், மேலாள் ஒருவர் மூன்றாண்டுக் கணக்கை முடித்துக்கொண்டு ஊர் திரும்புவதும், அவர் எழுந்த இடத்தில் வேறொருவர் வந்து அமர்வதும் வழக்கம். புதியவருக்குக் கடன்பட்டவர் எவருடைய முகமும் தெரியாது; ஆயினும் நாள்வழிக் குறிப்பையும் பேரேட்டையும் வட்டிச் சிட்டையையும் பிரித்துப் பார்த்தால், எவருக்கு எத்தனை கொடுத்தது, எத்தனை வந்தது, எத்தனை நிற்கிறது என்பதெல்லாம் விளங்கிவிடும். செட்டிநாட்டில் இருந்த முதலாளியும் கப்பலேறி வந்த ஐந்தொகையைக் கொண்டே கடையின் க்ஷேமத்தை அறிந்தார். எழுதியவர் அருகில் இல்லாதபோதும் தானே விடை சொல்வதுதான் நல்ல கணக்கின் லக்ஷணம். பேரேடு இருந்த இடத்துக்குக் கணக்கு மென்பொருள் வந்திருக்கும் இந்நாளிலும், அதனிடம் சிறு வியாபாரி முதலில் எதிர்பார்க்க வேண்டியது அந்த லக்ஷணத்தையே.

இப்போது ஏன் இந்தப் பேச்சு?

மின் விலைப்பட்டியல் என்னும் புதிய ஏற்பாடே காரணம். 2024 ஆகஸ்ட் 1-ஆம் தேதி, ஆண்டு விற்றுமுதல் 10 கோடி ரிங்கிட்டைத் தாண்டிய பெரிய ஸ்தாபனங்களிடம் தொடங்கிய இக்கடமை, படிப்படியாகக் கீழிறங்கி, 2026 ஜனவரி 1-ஆம் தேதி, 10 லட்சம் முதல் 50 லட்சம் ரிங்கிட் வரை விற்கும் வியாபாரிகளை வந்தடைந்தது. அதற்கும் குறைவாக விற்போருக்கு விலக்கு உண்டு. கடையில் எழுதும் பட்டியல் உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் 'மைஇன்வாய்ஸ்' தளத்துக்குச் சென்று, சரிபார்க்கப்பட்டு, தனக்கென ஓர் அடையாள எண்ணைப் பெற்றுத் திரும்புகிறது. பிழை இருந்தால் 72 மணி நேரத்துக்குள் ரத்து செய்யலாம். அதன் பின்னர் வரவுக் குறிப்போ பற்றுக் குறிப்போ எழுதித்தான் திருத்த வேண்டும். பட்டியல் கேட்காத சில்லறை வாடிக்கையாளரின் கொள்முதலையெல்லாம் மாதத்துக்கு ஒன்றாகத் தொகுத்து, மாதம் முடிந்து 7 நாட்களுக்குள் அனுப்பலாம். ஆனால் 10,000 ரிங்கிட்டுக்கு மேற்பட்ட ஒரே விற்பனைக்குத் தனிப்பட்டியல் அவசியம்.

கல்லாவின் அருகே

சட்டம் ஒருபுறமிருக்க, லெபு பாசார் மளிகைக் கடையொன்றின் கல்லாவுக்கு அருகே சிறிது நேரம் நின்று பார்ப்போம். ஓர் அம்மையாரின் பில் 23 வெள்ளி 47 காசு. ஆனால் 2008 ஏப்ரல் முதல் ரொக்கத் தொகையை 5 காசுக்குச் சரிக்கட்டும் முறை இருப்பதால் அவர் கொடுப்பது 23 வெள்ளி 45 காசு. அடுத்து வந்த இளைஞர் கைப்பேசியைக் கியூஆர் அட்டையின் முன் நீட்ட, பணம் கல்லாவில் விழாமல் வங்கிக்குப் போகிறது. மூன்றாமவரோ நெடுநாள் வாடிக்கை. "555-இல எழுதிக்குங்க, அண்ணே, சம்பளம் வந்ததும் தர்றேன்" என்று சொல்லிவிட்டு அரிசிப் பையைத் தூக்குகிறார். உள்ளங்கையளவான அந்தக் கடன் புத்தகத்தை அறியாத மலேசியக் குடும்பம் அரிது. விற்பனை மூன்று, பணம் நின்ற இடமும் மூன்று. இரவு கடை சாத்தும்போது கல்லாவும் வங்கியும் கடனும் தனித்தனியே நேர்பட வேண்டும். விட்டுப்போன அந்த 2 காசுக்கு ஓர் இடம் ஒதுக்காத மென்பொருளில் தினந்தோறும் கணக்கு இடிக்கும். இடிக்க இடிக்க, கணக்கப்பிள்ளை அதன்மேல் நம்பிக்கை இழந்து, மேசைக்கடியில் வேறொரு நோட்டைத் திறந்துவிடுவார். அன்றோடு மென்பொருளுக்குக் கொடுத்த பணம் வீண்.

மாறுவதும் மாறாததும்

வரி விகிதம் மாறிக்கொண்டே இருப்பது. 2015 ஏப்ரலில் 6 விழுக்காடாக வந்த ஜிஎஸ்டி, 2018 ஜூனில் பூஜ்யமாயிற்று. செப்டம்பரில் விற்பனை, சேவை வரி மீண்டது. 2024 மார்ச்சில் சேவை வரி பொதுவாக 8 விழுக்காடாக உயர்ந்தபோதும் உணவு, பானங்களுக்கு 6 விழுக்காடே நின்றது. ஆகையால் விகிதத்தைத் தேதியோடு சேர்த்து அறியும் மென்பொருளே பிரயோஜனப்படும். இன்று விகிதத்தை மாற்றினால் சென்ற வருஷத்துப் பில்லும் உடன் மாறிவிடுமானால் அது பெருங்கேடு. அவ்வாறே, பேரேட்டில் பிழையான வரியை அடித்தாலும் அடியில் இருந்த எழுத்து தெரிந்ததுபோல, திருத்தியவர் எவர், எப்போது, முன்பிருந்த தொகை எவ்வளவு என்பதை மென்பொருளும் காட்ட வேண்டும்.

1967-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் கணக்குகளை 7 ஆண்டுகள் பாதுகாக்கச் சொல்கிறது. மாத வாடகைக்கு எடுத்த மென்பொருளில் வாடகை நின்ற மறுநாள் கதவு அடைபடுமானால், அந்த 7 ஆண்டுக் கணக்கை எங்கே தேடுவது? முழுக் கணக்கையும் பிரதியெடுத்து வேறிடத்தில் திறக்க முடியுமா என்பதை விற்பவரிடம் விலை பேசுவதற்கு முன்பே கேட்டுக்கொள்வது விவேகம்.

கிட்டங்கியின் மேலாள் மாற்றத்தையே ஒரு பரீக்ஷையாகவும் வைத்துக்கொள்ளலாம். கடையை அறியாத ஒருவரை அழைத்து அந்தக் கணினியின் முன் உட்காரவைத்து, கடன் நிற்பது எவரிடம், வங்கிக்கு வந்தது எவ்வளவு, சென்ற மாதப் பட்டியல் வாரியத்துக்குப் போயிற்றா என்று கேளுங்கள். கணக்கப்பிள்ளையைக் கூப்பிடாமல் அவர் மூன்றுக்கும் விடை சொன்னாரானால், தாராளமாகப் பணத்தைக் கட்டுங்கள்.