நிழற்படம் காத்தல்

நுழையும்முன்

ஓர் ஊரின் வரலாற்றைக் கல்வெட்டும் ஏடும் கூறுவதுபோல, வீட்டுச் சுவரில் தொங்கும் நிழற்படமும் கூறும். மறைந்த முன்னோரின் முகத்தை அடுத்த தலைமுறைக்குக் காட்டப் பல குடும்பங்களில் ஒரே ஒரு படந்தான் எஞ்சியிருக்கும். அதனைக் காக்கும் எண்ணத்தில் பூசப்படும் பூச்சே அதற்குப் பகையாவதும் உண்டு. எந்தப் படத்திற்குப் பூச்சு ஏற்றது, எதற்கு ஏற்றதன்று என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

படத்தின் அமைப்பு

இருபதாம் நூற்றாண்டின் கருப்பு வெள்ளைப் படங்களுள் பெரும்பாலானவை ஜெலட்டின் வெள்ளிப் படங்கள். அடியில் தாள், அதன்மேல் பேரியம் சல்பேட்டாலான வெண்படலம், அதற்கும் மேலே ஜெலட்டின் என்னும் புரதப் படலம் என அவை மூன்றடுக்காக அமைந்தவை. ஜெலட்டினுக்குள் பொதிந்துள்ள நுண்ணிய வெள்ளித் துகள்களே உருவத்தைக் காட்டுகின்றன. விலங்குகளின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் பெறப்படும் ஜெலட்டின், ஈரத்தில் ஊறிப் பருக்கும், வறட்சியில் சுருங்கும். இம்மாற்றம் மீண்டும் மீண்டும் நிகழும்போது படம் சுருள்கிறது; மேற்பரப்பு வெடிக்கிறது. புரதமாதலால் பூஞ்சைக்கும் அது உணவாகிறது. காற்றிலுள்ள கந்தக வாயுக்கள் வெள்ளியை வெள்ளி சல்பைடாக மாற்றுவதால், கருமை மங்கிப் பழுப்பேறுகிறது.

கடற்கரையும் படமும்

உப்பளங்கள் நிறைந்த தூத்துக்குடிக் கடற்கரைப் பகுதியில் இக்கேடுகள் விரைந்து நிகழும். காற்றில் வரும் உப்புத் துகள் எங்குப் படிகிறதோ, அங்கு ஈரத்தை ஈர்த்து வைத்துக்கொள்ளும். திருச்செந்தூருக்கு மேற்கே, தேரி நிலம் சூழ்ந்த சாத்தான்குளத்திலோ ஆடிக்காற்று செம்மணல் தூளை வீட்டுக்குள் கொண்டுவரும். ஐப்பசி, கார்த்திகை மாத அடைமழை சுவரில் ஈரமேற்றும். கண்ணாடியை ஒட்டிச் சட்டமிடப்பட்ட படம், ஈரத்தால் இளகிக் கண்ணாடியோடு பிணைந்துவிடும். அதனை இழுத்துப் பிரித்தால் படத்திலுள்ள முகமும் உரிந்து போகும்.

இவ்வட்டாரத்தின் புகழ்பெற்ற முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. அதனை நேரில் கண்டோர் அருகிவரும் இக்காலத்தில், எஞ்சிய படங்களே அத்தொழிலுக்குக் கண்கண்ட சான்றாகின்றன. ஒரு படம் அழிந்தால் ஒரு சான்றும் அழிகிறது.

பூச்சுக்கும் முதுமை உண்டு

1850ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டைச் சேர்ந்த பிளாங்கார் எவ்ரார், முட்டை வெண்கரு பூசிய படத்தாளை அறிமுகப்படுத்தினார். உருவத்தைத் தாங்கி மெருகூட்டிய அவ்வெண்கருவே நாளடைவில் மஞ்சளித்தது. பாதுகாப்பிற்காகச் சில படங்களின்மேல் பூசப்பட்ட வார்னிஷும் அவ்வாறே பழுப்பேறியது. படம் முதுமையடைவதைப் போலவே பூச்சும் முதுமையடையும் என்பது இவற்றால் பெறப்படும் பாடம்.

தெளிப்புப் பூச்சின் நன்மையும் தீமையும்

இக்காலத் தெளிப்புப் பூச்சு, அக்ரிலிக் போன்ற பிசினைக் கரைப்பானில் கரைத்துக் குப்பியில் அடைத்ததாகும். தெளித்தவுடன் கரைப்பான் ஆவியாகும். பிசின் மெல்லிய படலமாக நிற்கும். புற ஊதாக் கதிரை உறிஞ்சும் பொருளும் சில பூச்சுகளில் சேர்க்கப்படுகிறது. இங்க்ஜெட் அச்சுப்பொறியில் எடுக்கப்படும் புதிய படங்களுக்கு இது நன்மை தரும். அவற்றின் தாளிலுள்ள நுண்துளைகள் வழியே ஓசோன் புகுந்து சாயமையை வெளுக்கச் செய்யும். பூச்சு அத்துளைகளை மூடுகிறது.

அச்சிட்ட படம் ஒரு நாள் முழுதும் உலர்ந்த பின்னரே பூச்சுத் தெளித்தல் வேண்டும். காற்றோட்டமான இடத்தில், முகக்கவசம் அணிந்து, மெல்லிய பூச்சுகளாகப் பலமுறை தெளித்தல் நன்று. மழைநாளில் தெளித்தல் கூடாது. கரைப்பான் ஆவியாகும்போது படத்தின் மேற்பரப்பு குளிர்வதால், காற்றின் ஈரம் அங்கே படிந்து வெண்திரையாகத் தங்கிவிடும்.

பழைய படங்களுக்கோ இப்பூச்சு தீங்காகவே முடியும். நிழற்படக் கூடங்களில் கையால் தீட்டப்பட்ட வண்ணத்தைக் கரைப்பான் கலைத்துவிடக்கூடும். படிந்திருந்த தூசியும் பூஞ்சையும் பூச்சுக்குள் சிறைப்படும். பிற்காலத்தில் பூச்சு மஞ்சளித்தால், படத்திற்கு ஊறின்றி அதனை நீக்குதல் அரிது. சூட்டாலும் பசையாலும் ஒட்டப்படும் லேமினேஷனுக்கும் இது பொருந்தும். செய்ததைத் திரும்பப் பெற இயலாத எதனையும் மூலப்படத்தின்மீது செய்தல் கூடாது என்பதே காப்பாளர் போற்றும் நெறி.

பூச்சில்லாக் காப்பு

பழைய படத்திற்கு நல்ல உறையே சிறந்த காப்பு. அமிலமற்ற தாளுறையில் இட்டு, ஈரமும் வெயிலும் படாத உள்ளறைப் பெட்டியில் வைத்தல் வேண்டும். சட்டமிடும்போது கண்ணாடிக்கும் படத்திற்கும் இடையே அட்டை விளிம்பால் இடைவெளி அமைத்தல் வேண்டும். பசை தடவிய ஆல்பங்களும் பி.வி.சி. உறைகளும் தவிர்க்கத்தக்கன. தூசியை மென்தூரிகையால் அகற்றலாம், ஈரத்துணியால் துடைத்தலாகாது. கண்ணாடியோடு ஒட்டிய படத்தைப் பிரிக்க முயலாமல், கண்ணாடியுடனேயே படியெடுத்துக்கொள்ளலாம்.

தமிழகத்துப் பழைய நிழற்படக் கூடங்களின் படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவித் திட்டத்தின்கீழ் மின்வருடி ஆவணப்படுத்தியுள்ளது. அதே வழியை ஒவ்வொரு குடும்பமும் பின்பற்றலாம். மூலத்தை மின்வருடி, புதிய படியொன்றை அச்சிட்டு, அதற்குப் பூச்சுத் தெளித்துச் சுவரில் மாட்டலாம். மாலையும் சந்தனமும் அப்படி ஏற்கட்டும். மூலம் உறைக்குள் இருக்கட்டும். படத்தில் இருப்போரின் பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றை மூத்தோரிடம் கேட்டு, உறையின்மீது எழுதி வைத்தலும் இன்றியமையாதது. முகம் நிலைத்தும் பெயர் மறைந்துவிட்டால், காத்த பயன் பாதியாகிவிடும்.