உங்களுக்குத் தெரியுமா? ஒரு வரிக் கட்டளைக்குப் பின்னால் எத்தனை பொதிகள்!

மலேசியாவின் ஹுத்தான் மெலிந்தாங்கில் பழைய கணினியைச் சர்வராக்க நினைக்கும் மாணவர், டெபியன் லினக்ஸில் 'ஆப்ட் இன்ஸ்டால்' என்பதோடு மென்பொருளின் பெயரையும் தட்டினால் போதும், அது வந்து உட்கார்ந்துவிடும். அந்த ஒரு வரிக்காக உழைத்தவர்கள் பலர்.

கிட்லாப் என்ற சர்வர் மென்பொருளை டெபியனுக்குள் கொண்டுவரப் பாடுபட்டவர்களில் முக்கியமானவர் கேரளத்தின் பிரவீன் அரிம்பிரத்தொடியில். எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தருவதை டெபியன் விதிகள் ஏற்பதில்லை. கிட்லாப் நம்பியிருக்கும் ரூபி நிரல்மொழி நூலகங்கள் ஒவ்வொன்றும் மூலநிரலோடும் உரிமக் குறிப்போடும் தனிப் பொதியாக வரவேண்டும். பெரும்பாடுதான். ஆனால் ஒரு நூலகத்தில் ஓட்டை தெரிந்தால் ஓரிடத்தில் அடைத்தால் போதும், அதை நம்பிய மென்பொருள்கள் எல்லாம் தப்பிக்கும். 2017-இல் வெளியான டெபியன் 9-இல் கிட்லாப் இடம்பெற்றது.

எனக்கு மிகவும் பிடித்த விதி வேறொன்று. சர்வரின் அமைப்புக் கோப்புகள் 'எட்சி' அடைவில்தான் இருக்கவேண்டும். அதில் நீங்கள் திருத்திய வரியை அடுத்த பதிப்பு கேட்காமல் அழிக்கக் கூடாது. புதுப்பிக்கும்போது திரை நின்று, உங்கள் கோப்பா, புதியதா என்று கேட்கும். வெறுமனே எண்டர் தட்டினால் உங்களுடையதே நிற்கும்.